மர ஆலை கிட்: வளைந்தால், வெளுத்தால், முட்டினால்

செம்பூரில் என் வீட்டு மேஜைமேல் இப்போது மூன்று ஆலைகள் நிற்கின்றன. இரண்டு மரம் அறுக்கும் ஆலைகள்; ஒன்று நீர்ச்சக்கரத்தோடு கூடிய மாவு ஆலை. மூன்றும் மாதிரி ரயில் பாதையோரம் வைக்கும் சிறு கட்டடங்கள்; எச்.ஓ. என்னும் மாதிரி அளவில் செய்தவை. நிஜத்தில் ஓரடி இருப்பது இங்கே 3.5 மில்லிமீட்டர், ரயில் ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். மூன்றுமே பழைய அமெரிக்க ஆலைகளின் வடிவில், நாமே ஒட்டிச் சேர்க்கும்படி பெட்டியில் துண்டுகளாக வரும் மரக் கிட்டுகள். பெட்டிக்குள் வரும் செய்முறைக் குறிப்பு நல்ல குறிப்புதான். ஆனால் அதை எழுதியவரின் ஊர்க் காற்று வேறு. ஜூன் இரண்டாம் வாரத்தில் மும்பையில் மழை இறங்கிய பிறகு அந்தக் குறிப்பில் பாதி நமக்கு ஒத்துவருவதில்லை.

மாட்டுங்காவிலிருந்தும் முலுந்திலிருந்தும் நண்பர்கள் தொலைபேசியில் கேட்கும்போது யாரும் காரணத்தைச் சொல்லிக் கேட்பதில்லை. "சுவர் வாழைமட்டைபோல் ஆகிவிட்டது", "ஜன்னல் கண்ணாடி பூத்துவிட்டது" என்று கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே இதையும் கண்ணில் படும் குறையின் வரிசையிலேயே எழுதுகிறேன். எந்தக் குறையானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது? பசையில் வந்ததா, பெயின்டில் வந்ததா, காற்றில் வந்ததா? பத்தில் ஆறேழு சிக்கல்கள் இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

சுவர் வளைந்துவிட்டது

இதுதான் அதிகம் நடப்பது. நம்பிக்கையை அதிகம் குலைப்பதும் இதுதான். கிட் சுவர்கள் பெரும்பாலும் பாஸ்வுட் என்னும் மென்மையான மரத்தின் தகடுகள், ஒன்றரை மில்லிமீட்டர் கனம். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது இழையின் நீளவாக்கில் நீள்வது மிக மிகக் குறைவு. குறுக்குவாக்கில்தான் விரியும். பாஸ்வுட் பச்சையாக இருந்து முழுக்கக் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது 0.1 அல்லது 0.2 சதவீதம்; ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிலோ 9 சதவீதத்துக்கு மேல். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் விரியும். பலகை வளையாமல் என்ன செய்யும்?

தாராவியில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவரிடம் என் முதல் ஆலையின் சுவரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியதுமே அவர் கேட்டது, "பெயின்ட் அடித்த பக்கம் புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் வைத்தியமும் தெரிந்துவிடும்.

பெயின்ட் அடித்த பக்கம் புடைத்திருந்தால் மரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். மறுபக்கத்திலும் அதே பெயின்டையோ, பெயின்டை வீணாக்க மனமில்லையென்றால் ஈரத் தூரிகையையோ ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு இரண்டு பழைய செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவே வைத்து, கீழே ஒரு தரை ஓடு, மேலே ஒரு தரை ஓடு, அதற்கு மேல் ஐந்து கிலோ அரிசிப் பை. தாளை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டிசம்பரில் ஒரு நாள் போதும். ஜூலையில் மூன்று நாள் ஆகும். அதற்குள் எடுத்துப் பார்க்க மனம் பரபரக்கும், எடுக்காதீர்கள்.

பெயின்ட் அடித்த பக்கம் குழிந்திருந்தால் கதை வேறு. நனைந்தபோது விரிய இடமில்லாமல் நெரிந்த இழைகள் காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கிவிட்டன. மேலே காய்ந்த பெயின்ட் படலமும் சேர்ந்து இழுக்கிறது. இப்போது குழிந்த பக்கத்துக்குத்தான் ஈரம் வேண்டும். ஆனால் அங்கே பெயின்ட் இருப்பதால் ஈரம் எளிதில் இறங்காது. லேசாகத் தெளித்து, சற்று எதிர்ப்பக்கமாக வளைத்துப் பிடித்து, அந்த நிலையிலேயே உள்பக்கம் முட்டுச்சட்டங்களை ஒட்டி, பளு வைத்துவிடுவதுதான் எனக்குப் பலித்த வழி.

முட்டுச்சட்டம் எந்தத் திசையில் என்பதில் பலர் தவறுகிறார்கள். சட்டம் இழைக்குக் குறுக்கே போக வேண்டும். படுக்கைப் பலகை வரிகள் கொண்ட சுவரில் இழை படுக்கையாக ஓடுகிறது. எனவே சட்டங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். பலகைகள் நின்றவாக்கில் உள்ள சுவரில் சட்டங்கள் படுக்கையாக. மூன்று மில்லிமீட்டர் சதுரச் சட்டம், நாற்பது மில்லிமீட்டருக்கு ஒன்று. பெட்டியில் கொடுத்திருப்பதைவிட இது கூடுதல்தான். மும்பைக்கு அந்தக் கூடுதல் தேவை.

அடுத்த கிட்டில் இது வராமலிருக்க நான் செய்வதைச் சொல்கிறேன். தகட்டைச் சட்டகத்திலிருந்து பிரிப்பதற்கு முன்பே இரு பக்கமும் அவலரக்குக் கரைசல் ஒரு பூச்சு. இங்கே வன்பொருள் கடைகளில் சப்டா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கு மரத்தின் வாயை ஓரளவு அடைத்துவிடும். அதற்குப் பிறகு மரச்சாயம் ஏறாது. ஆகவே பெயின்ட் அடிக்கப் போகும் சுவர்களுக்கு மட்டுமே இது. சாயமேற்றப் போகும் சுவருக்கு முன்பக்கம் சாயம் காய்ந்த பிறகு பின்பக்கம் மட்டும் அரக்கு.

மூலைகள் சேரவில்லை

முதலில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். சுவர் நேராக இருந்து, மட்டமும் சரியாக இருந்து, அப்படியும் இரண்டு சுவர்கள் சேர மறுத்தால் பெரும்பாலும் குற்றவாளி உள்ளே ஒட்டிய முட்டுச்சட்டம்தான். சுவரின் ஓரம்வரை சட்டத்தை ஒட்டிவிட்டால், பக்கத்துச் சுவரின் கனம் உட்கார இடமிருக்காது. ஓரத்திலிருந்து அந்தச் சுவரின் கனத்தை விட்டுத்தான் சட்டம் தொடங்க வேண்டும். வெட்டிய சுவரிலிருந்து மிஞ்சிய ஒரு துண்டை ஓரத்தில் வைத்து அளவு பார்த்தால் அளவுகோலே தேவையில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சேர்ந்திருந்த மூலை, ஏ.சி. அறைக்கு மாற்றியதும் பிளந்துவிட்டது என்பது இன்னொரு வகை. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் மரத்தின் எடையில் ஏறத்தாழ 17, 18 சதவீதம் நீர் தங்கும். 50 சதவீதக் காற்றில் அது 9 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அறுபது மில்லிமீட்டர் அகலத் தகடு இந்த வேறுபாட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அசையக்கூடும். எச்.ஓ. அளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய மூன்றரை அங்குலம்! நிஜக் கட்டடத்தில் மூன்றரை அங்குல விரிசல் இருந்தால் உள்ளே யாராவது நிற்பார்களா? இதற்கு மருந்து, ஆலை எந்த அறையில் நிற்கப் போகிறதோ அந்த அறையில் கிட்டைத் திறந்து ஒரு வாரம் போட்டுவைப்பது. ஏற்கெனவே பிளந்த மூலையைப் பசை ஊற்றி இறுக்கினால் சுவரின் நடுவில் வேறு விரிசல் விடும். மெல்லிய மூலைப் பலகை ஒன்றை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, மறுபக்கம் நகர விட்டு மறைத்துவிடுங்கள்.

மூன்றாவது வகை கண்டுபிடிக்கக் கடினமானது. என் இரண்டாவது ஆலையில் கூரைத் தாங்குசட்டங்கள் எட்டும் ஒரே அளவில் குட்டையாக இருந்தன. நான்கு மாலைகள் போன பிறகுதான் புரிந்தது. வரைபடத்தைக் கோப்பிலிருந்து நானே அச்செடுத்திருந்தேன். அது அமெரிக்க லெட்டர் தாள் அளவில், 216 மில்லிமீட்டர் அகலத்தில் வரையப்பட்டது. நம் ஏ4 தாளின் அகலம் 210. அச்சு இயந்திரம் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிக்கொண்டது. எல்லாம் ஏறத்தாழ மூன்று சதவீதம் குறைந்துவிட்டது. அச்செடுக்கும்போது நூறு சதவீதம் என்று கட்டாயமாகக் குறித்துவிட்டு, தாளில் இருக்கும் ஒரு தெரிந்த அளவை எஃகு அளவுகோலால் சரிபாருங்கள். குட்டையாகிவிட்ட சட்டங்களை நான் தூக்கி எறியவில்லை. அவை இப்போது ஆலைக்குப் பக்கத்துக் கொட்டகையின் கூரையில் இருக்கின்றன.

சட்டங்களின் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. குறிப்பில் ஆறுக்கு ஆறு என்று இருந்தால் அது மாதிரி அளவில் ஆறு அங்குலம், அதாவது 1.75 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் பதினாறில் ஒரு பங்கு அங்குலச் சட்டம் 1.59 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு இடத்தில் தெரியாது. சட்டங்களை அடுக்கிக் கட்டும் ஆலைத் தாங்கியில் பத்து அடுக்கு ஏறியதும் ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும்.

சாயம் திட்டுத் திட்டாக ஏறியிருக்கிறது

வெளிறிய திட்டு விரல் அடையாளம்போல வட்டமாக இருந்தால் அது பசை. வெள்ளைப் பசை பட்ட மரத்தில் சாயம் இறங்காது. துடைத்துவிட்டோம் என்று நினைப்பதும் இறங்கியே இருக்கும். பிளேடின் நுனியால் செங்குத்தாகச் சுரண்டி, 320 எண் உப்புத்தாளால் இழையோடு தேய்த்து, மீண்டும் சாயம். அப்படியும் மிஞ்சினால் சாம்பல் நிற சாக்பீஸ் தூளைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். உண்மையான தீர்வு வரிசையில் இருக்கிறது: முதலில் சாயம், பிறகு வெட்டு, அதற்குப் பிறகுதான் பசை.

நான் பயன்படுத்துவது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்த கறுப்பு இந்திய மை. அரை லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி. ஆல்கஹால் தண்ணீரைவிட மரத்தைக் குறைவாக விரியச் செய்யும், விரைவாகக் காயும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர். சுவர்த் தகடுகளுக்கு அது வேண்டாம். ரசாயனக் கடையில் 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். சில மைகள் ஆல்கஹாலில் தயிர்போல் திரிந்துவிடும். ஒரு மூடி அளவு கலந்து பார்த்த பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. நம் வீடுகளில் அந்த அறையும் வேலை செய்யும் அறையும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் இதைச் சொல்கிறேன். ஜன்னலைத் திறந்துவைத்து, விளக்கு மலையேறிய பிறகு செய்யுங்கள்.

ஒவ்வொரு குச்சியும் ஒவ்வொரு நிறத்தில் வந்தால் அது குறையே இல்லை. நிஜப் பலகைகள் அப்படித்தான் இருக்கும். கிர்காவ் கோட்டாச்சிவாடியில் மர வீடுகளின் முன்பக்கத்தை ஒரு காலை நேரத்தில் நின்று பாருங்கள். அருகருகே உள்ள இரண்டு பலகைகள் ஒரே நிறத்தில் இருப்பது அரிது.

சாயம் காய்ந்ததும் மயிர்போல் எழுந்து நிற்பவை மரத்தின் இழைகள். 0.3 மில்லிமீட்டர் மயிர் இந்த அளவில் ஓரங்குலத்துக்கு நிகர். மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் இழையோடு இரண்டு தேய்ப்பு, போய்விடும்.

வெள்ளை படர்ந்துவிட்டது

இதில் நான்கு வெள்ளைகள் உண்டு. நான்குக்கும் மருந்து வேறு; ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் நிலைமை மோசமாகும். அதனால் முதலில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜன்னல் கண்ணாடியில், பசை வைத்த விளிம்பைச் சுற்றி மூச்சுப்பட்டதுபோல் பூத்திருந்தால் அது உடனடிப் பசையின் ஆவி. அந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. ஈரம் மிகுந்த நாளில், மூடிய சுவர்களுக்குள், மேலெழும் ஆவி பக்கத்துப் பரப்பிலேயே படிந்து வெள்ளையாகிவிடும். லேசாக இருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கண்ணுக்கு மறையும். அழுத்தமாக இருந்தால் கண்ணாடித் தாளை மாற்றுவதுதான் வழி. ஜன்னலுக்கு வெள்ளைப் பசை மட்டும். காயும்வரை கூரையை மூடாதீர்கள்.

சுவர் முழுவதும் பால் கலந்ததுபோல் வெளுத்து, அதுவும் லாக்கர் என்னும் மெருகுப் பூச்சை ஸ்பிரேயாக அடித்த சில நிமிடங்களில் வெளுத்தால், அது காற்றின் ஈரம். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து, காயாத படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஜூலையில் மாடத்தில் நின்று ஸ்பிரே அடித்தவர்கள் அனைவரும் இதைப் பார்த்திருப்பார்கள். அதைச் சுரண்டவே வேண்டாம். வெயில் அடிக்கும் நாள்வரை காத்திருந்து, அதே லாக்கரை மெல்லியதாக ஒரு முறை மேலே அடித்தால், புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கிச் சிக்கிய ஈரத்தை வெளியே விடும். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பளபளப்பை நீக்கும் லாக்கர் அடித்துக் காய்ந்த சுவரில் ஆல்கஹால் மையைத் தடவியபின் வெளுத்தால் அது மூன்றாவது வகை. ஆல்கஹால் அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. இதற்கும் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு போதும். நிறையப் பேர் பழைய மரம்போலத் தெரிவதற்காகவே இதை வேண்டுமென்று செய்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும், மரம் அறுக்கும் ஆலையின் மேற்கூரைப் பலகைகளில் மட்டும்.

நான்காவது வெள்ளை புள்ளி புள்ளியாக, பஞ்சுபோல, பெரும்பாலும் அடிப்பக்கத்திலும் பின்சுவரிலும் வரும். அது பூஞ்சணம். சுவரலமாரியில் மூடிவைத்த ஆலைகளுக்கு ஆகஸ்டில் வரும். உலர்ந்த மென்தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வைத்தால் போதும். லாக்கர் அடித்த சுவராக இருந்தால் ஆல்கஹாலைத் தவிர்த்துவிடுங்கள். மேலே சொன்ன மூன்றாவது வெள்ளை வந்து சேரும்.

சக்கரம் தள்ளாடுகிறது, ஒரே இடத்தில் நிற்கிறது, அல்லது உரசுகிறது

மாவு ஆலையின் உயிர் நீர்ச்சக்கரம். இதில் ஒரு மாலையை மிச்சப்படுத்தப் பார்த்தால் வாழ்நாள் முழுவதும் தள்ளாடும்.

தள்ளாட்டத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்று. அச்சுத்துளை செங்குத்தாக இல்லை; அல்லது இரண்டு வளையங்களும் ஒன்றுக்கொன்று சற்றே திரும்பி ஒட்டப்பட்டிருக்கின்றன. மரத்துளையில் கம்பியை நேரடியாகச் செருகாதீர்கள். ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைச் சக்கரத்தின் நடுக்குடத்தில் பதித்து, கம்பி அதற்குள் ஓடட்டும். ஏற்கெனவே ஒட்டிவிட்ட சக்கரமென்றால், துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, குழாயைச் செருகி, மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு மெதுவாக இறுகும் எபாக்சியால் நிலைநிறுத்துங்கள். இறுகும்வரை கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும்.

விரலால் தட்டிவிட்டால் எப்போதும் ஒரே வாளி அடியில் வந்து நிற்கிறதா? அந்தப் பக்கம் பளு கூடுதல், பெரும்பாலும் பசைதான். நேர் எதிர் வாளிக்குள் ஒரு சிறு ஈயத்துண்டை மெழுகால் ஒட்டிப் பாருங்கள். எங்கே தள்ளிவிட்டாலும் அங்கங்கே நிற்கும்வரை மாற்றி, அதன் பிறகு நிரந்தரமாக ஒட்டுங்கள்.

கோடையில் நன்றாகச் சுற்றிவிட்டு மழையில் உரசினால் இதுவும் மரம் ஊறியதால்தான். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடம் வேண்டும். கூடவே சக்கரம் முழுவதும் அரக்குப் பூச்சு.

எல்லாம் சரியாகச் சுற்றியும் பார்ப்பவர் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்தால் வாளிகளின் வாயைப் பாருங்கள். மரக்கால்வாய் சக்கரத்தின் உச்சியைத் தாண்டி நீரை விடுகிறது என்றால், நீர் ஓடும் திசையிலேயே சக்கரமும் திரும்பும். இறங்கும் பக்கத்தில் வாளிகளின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். பல கிட்டுகளில் சக்கரத்தை எந்தப் பக்கமும் மாட்டலாம். அதனால் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். இது வெறும் அலங்கார நுணுக்கம் அல்ல. மேலிருந்து நீரின் எடை இறங்குவதால் ஓடும் சக்கரம், கீழே நீரோட்டம் தள்ளுவதால் ஓடும் சக்கரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பயன் தருகிறது என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து அளந்தே நிறுவினார். 1759ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை வாசித்தார். நம் மேஜையில் இருப்பதைப் போன்ற ஒரு மாதிரிச் சக்கரம் பொறியியலையே மாற்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அந்த வாளிகளைத் திருப்பி மாட்ட மனம் வருமா?

வேகம் நிமிடத்துக்கு எட்டு முதல் பத்துச் சுற்று. லாமிங்டன் சாலையில் 12 வோல்ட், பத்துச் சுற்று கியர் மோட்டார் கிடைக்கும்; அதை 9 வோல்ட்டில் ஓட்டினால் அமைதியாக இன்னும் சற்று மெதுவாகச் சுற்றும்.

குளத்து ரெசின் மேல் பிசுபிசுப்பு

ஆலைக் குளத்தில் தண்ணீராகத் தெரிவதற்காக ஊற்றும் எபாக்சி ரெசின் உள்ளே கல்போல் இறுகி, மேலே மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் கலவை விகிதம் தவறவில்லை. ஈரக்காற்றில் எபாக்சியின் கடினமாக்கி மேலே வந்து படிவது அது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். உள்ளேயும் மெத்தென்று இருந்தால்தான் விகிதப் பிழை. அதற்குத் தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஒரு முறைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஊற்றுவதற்கு முன் குளத்தின் விளிம்பில் வெள்ளைப் பசையால் ஒரு சுற்று அடைத்துவிடுங்கள். ஊசித்துளை இருந்தால் ரெசின் இரவோடு இரவாக மேஜைக்கடியில் இறங்கியிருக்கும்.

ஆள் கதவில் தலை முட்டுகிறான்

கதவு தவறில்லை, ஆள்தான் தவறு. இந்தியாவில் கிடைக்கும் பல உருவங்கள் பிரிட்டிஷ் ஓ.ஓ. அளவில், 1:76 விகிதத்தில் இருக்கும். தண்டவாளம் இரண்டுக்கும் ஒரே 16.5 மில்லிமீட்டர் என்பதால் இந்தக் கலப்பு கவனத்தில் படாமல் நுழைந்துவிடுகிறது. ஆறடி மனிதர் எச்.ஓ.வில் 21 மில்லிமீட்டர், ஓ.ஓ.வில் 24. ஏழடிக் கதவு எச்.ஓ.வில் 24.5. உயரமானவர்களை ரயில் பக்கமாக, ஆலையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், அல்லது உட்காரவைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பொம்மையாகத் தெரிகிறது

இது குறைகளிலேயே கடினமானது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பசையும் மட்டமும் கையில் வந்த பிறகுதான் இந்தக் கேள்வியே எழும்.

முதலில் அழுக்கைப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுக்கு பூசப்பட்டிருந்தால் அதுதான் காரணம். நிஜ மரம் சாம்பல் நிறமாவது சூரியனின் புற ஊதாக் கதிர் மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைப்பதாலும், மழை அதைக் கழுவிக்கொண்டு போவதாலும். ஆகவே கூரையின் இறவாரத்துக்குக் கீழே உள்ள பலகைகள் பழுப்பாகவே இருக்கும். வெயில் அதிகம் படும் பக்கம், அதாவது அமெரிக்காவில் தெற்குச் சுவர், அதிகம் வெளுக்கும். தரையிலிருந்து ஓரடிவரை, நம் அளவில் மூன்றரை மில்லிமீட்டர், மழைநீர் தெறித்த மண்கறை. சக்கரம் இருக்கும் சுவரில் மட்டும் பாசி. நான்கு சுவர்களும் நான்கு விதமாக வயதாக வேண்டும்.

அடுத்தது, ஆலை என்ன வேலை செய்கிறது என்பது வெளியே தெரிகிறதா? மாவு ஆலையென்றால் கதவு நிலைகளிலும் காற்றுத் துளைகளுக்கு மேலேயும் வெள்ளைப் படிவு இருக்கும். படியில் மூட்டை இழுத்த தேய்மானம் இருக்கும். மரம் அறுக்கும் ஆலையென்றால் வாளுக்குக் கீழே தூள் மேடு, பக்கத்தில் பட்டையோடு சீவி எறிந்த புறப்பலகைக் குவியல், மறுபக்கம் இடைச்சட்டம் வைத்து அடுக்கிய பலகைகள். ரே ரோடு மரக்கடைகளின் முன் பத்து நிமிடம் நின்றால் இவை அத்தனையையும் பார்க்கலாம். பலகைகளுக்கு நடுவே காற்றுப் போக அடுக்கும் முறை எங்கும் ஒன்றுதான்.

தூளுக்கு நிஜ மரத்தூளைத் தூவியிருந்தால் அதுவே பொம்மைத்தனத்தைக் கொடுத்திருக்கும். அரை மில்லிமீட்டர் துகள் இந்த அளவில் ஒன்றே முக்கால் அங்குலக் கட்டி. உப்புத்தாளில் தேய்த்து வந்த தூளை மல் துணியில் சலித்து மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆணித்துளைகளுக்கும் இதே கணக்கு. கால் அங்குல ஆணித்தலை 0.07 மில்லிமீட்டர். எந்த ஊசியால் குத்தினாலும் அதைவிடப் பெரிதாகத்தான் வரும். சுவர் முழுக்க, துளைக்குறி இடும் பல்சக்கரத்தை ஓட்டியிருந்தால் அம்மைத் தழும்புபோல் தெரியும். ஈரத் தூரிகையால் தொட்டால் மரம் ஊறிப் பாதித் துளைகள் மூடிக்கொள்ளும். நான் கதவுகளிலும் மூலைப் பலகைகளிலும் மட்டும், மெல்லிய ஊசியால், ஏழு மில்லிமீட்டருக்கு இரண்டு என்று தொட்டுவைக்கிறேன். ஏழு மில்லிமீட்டர் நிஜத்தில் இரண்டடி. உள்ளே தூண்கள் நிற்கும் இடைவெளி. தூண் இல்லாத இடத்தில் ஆணி அடிப்பார்களா?

உள்ளே எல்.இ.டி. விளக்கு போட்டதும் சுவரே ஒளிர்ந்தால் உள்பக்கம் கறுப்பு பெயின்ட் ஒரு பூச்சு. 12 வோல்ட்டுக்கு ஒரு கிலோ ஓம் மின்தடை போதும். அப்படியும் பிரகாசமாக இருந்தால் தடையைக் கூட்டுங்கள். பழைய ஆலைக்குள் வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்திருக்கும்.

கூரை ஓடுகள் சாய்ந்து போகின்றன, உரிகின்றன, அரிக்கப்படுகின்றன

வரிசை சாய்ந்தால் நான்கு வரிசைக்கு ஒரு பென்சில் கோடு இல்லாததே காரணம். சாய்ந்துவிட்ட வரிசையை ஒரே வரிசையில் திருத்தாதீர்கள். அடுத்த ஐந்தாறு வரிசைகளில் மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டும் பின்புறத்தோடு வரும் காகித ஓடுகள் மழையில் உரிந்தால் கீழே வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி அழுத்துங்கள். புதிதாக ஒட்டும்போதே அப்படிச் செய்துவிட்டால் நல்லது.

ஓடுகளின் ஓரம் ஒழுங்கில்லாமல் சுரண்டப்பட்டதுபோல், மேல்தோல் மட்டும் போனதுபோல் இருந்தால் அது இராமபாணப் பூச்சி. காகிதமும் மாவுச்சத்தும் அதற்கு உணவு. மைதாப் பசையால் கூரை ஒட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நான் ஆலைகளை இப்போது கண்ணாடி மூடியிட்ட பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பொட்டலங்களை வெளியே எடுத்து, நிறம் மாறியிருந்தால் மணிகளை மட்டும் அடிகனமான சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன். அந்தச் சட்டி சமையலுக்குத் திரும்பப் போவதில்லை.